ராக் கிராலர் மெதுவாகப் போகும்போது மட்டும் ஏன் திணறுகிறது?

ராக் கிராலர் என்பது பாறைமேல் ஊர்ந்து ஏறும் ரிமோட் கார். அதைத் தூக்கி, சக்கரங்கள் தரையில் படாதபடி ஸ்டாண்டில் வைத்து ரிமோட்டின் ட்ரிகரை மெல்ல அழுத்துகிறீர்கள். முன் சக்கரங்கள் சுழலத் தொடங்குகின்றன, பின் சக்கரங்கள் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தியதும் பின்பக்கம் வெடுக்கென்று கிளம்புகிறது. முழுதாக அழுத்தினால் இரண்டும் ஒன்றுபோலத்தான் ஓடுகின்றன. அப்படியானால் மோட்டார் நன்றாக இருக்கிறதா, கெட்டுவிட்டதா?

புதிதாக கிராலர் வாங்கியவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். வேகமாக ஓடும்போது தெரியாத குறை, ஊர்ந்து போகும்போது மட்டும் ஏன் தெரிகிறது என்று புரிந்துவிட்டால், பழுதைத் தேடும் வேலை பாதி முடிந்த மாதிரி.

ஊர்தலின் கணக்கு

மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான ஈ.எஸ்.சி., மோட்டாருக்குக் கொடுக்கும் மின்சாரத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடுகிறது. ட்ரிகரை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு நேரம் திறந்திருக்கும். மோட்டாருக்குப் போய்ச் சேருவது இதன் சராசரி வோல்ட். இரண்டு செல் கொண்ட (2எஸ்) லிப்போ பேட்டரியில் 7.4 வோல்ட் இருந்தாலும், பாறைமேல் அங்குலம் அங்குலமாக ஏறும்போது மோட்டார் பார்ப்பது ஒன்றோ ஒன்றரையோ வோல்ட்தான்.

இரண்டு மோட்டார்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றின் உராய்வை மீறிச் சுழல 0.5 வோல்ட் போதும். இன்னொன்றில் பிரஷ் (சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் கரித்துண்டு) கொஞ்சம் இறுக்கம், அதற்கு 0.8 வோல்ட் வேண்டும். இரண்டுக்கும் 1 வோல்ட் கொடுத்தால் முதலாவதுக்கு மிஞ்சுவது 0.5, இரண்டாவதுக்கு மிஞ்சுவது 0.2. வேகத்தில் இரண்டரை மடங்கு வித்தியாசம். அதே இரண்டுக்கும் 7 வோல்ட் கொடுங்கள். 6.5, 6.2 என்று மிஞ்சும். வித்தியாசம் 5 சதவீதம்கூட இல்லை, கண்ணுக்கே தெரியாது.

ஆக, முழு த்ராட்டிலில் (ட்ரிகரை முழுதாக அழுத்தி) ஓட்டிப் பார்த்து "மோட்டார் சரியாகத்தான் இருக்கிறது" என்று முடிவு செய்வது தவறு. எல்லாச் சோதனையையும் சக்கரம் கிளம்பும் அந்த எல்லையில்தான் செய்ய வேண்டும். 0.3 வோல்ட் அளவுக்குத் தடை எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம்: தேய்ந்த பிரஷ், மணல் புகுந்த பேரிங், இறுக்கமாகக் கடிக்கும் பினியன் (மோட்டார் ஷாஃப்டில் உள்ள சிறு கியர்), சரியாகப் பிடிக்காத சால்டர். இதனால்தான் மோட்டாரை மட்டும் மாற்றிவிட்டு, குறை அப்படியே இருப்பதைப் பார்த்துத் திகைக்க நேரிடுகிறது.

முதலில் வண்டியின் அமைப்பு

கிராலர்கள் இரண்டு வகை. நடுவில் ஒரே மோட்டார், அதிலிருந்து கியர்பாக்ஸ் வழியாக முன்னும் பின்னும் டிரைவ் ஷாஃப்ட் போவது ஒன்று. ஒவ்வொரு ஆக்சிலின் (இடது, வலது சக்கரங்களைத் தாங்கும் அச்சு) மேலும் ஒரு மோட்டார் உட்கார்ந்திருப்பது இன்னொன்று. விலை குறைந்த இரட்டை மோட்டார் வண்டிகளும், சில போட்டி வண்டிகளும் இந்த இரண்டாவது வகை.

ஒற்றை மோட்டார் வண்டியில் முன்சக்கரம் ஒரு வேகம், பின்சக்கரம் ஒரு வேகம் என்று சுற்றினால் அது மோட்டாரின் குறை ஆகாது. முன் ஆக்சில் சற்று வேகமாகச் சுற்றும்படி வேண்டுமென்றே கியர் போட்டிருப்பார்கள். ஏறும்போது முன்பக்கம் வண்டியை இழுக்கவும், திரும்பும் வட்டம் சுருங்கவும் அது உதவும். அந்த வித்தியாசம் எல்லா வேகத்திலும் ஒரே விகிதத்தில் இருக்கும். அதைப் பழுது என்று நினைத்துப் பிரித்துவிடாதீர்கள். ஒரே ஆக்சிலில் இடமும் வலமும் வேறுபட்டாலும் மோட்டாரை விட்டுவிடுங்கள். கிராலரில் பொதுவாக டிஃபரன்ஷியல் (இடது, வலது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் கியர்) பூட்டியே இருக்கும், எனவே பூட்டு உடைந்திருக்கும் அல்லது வீல் ஹெக்ஸுக்குள் (சக்கரம் உட்காரும் அறுகோணத் துண்டு) இருக்கும் குறுக்கு முள் விழுந்திருக்கும்.

இரட்டை மோட்டார் வண்டியிலும் ஒன்றை மனதில் வையுங்கள். தரையில் ஓடும்போது இரண்டு ஆக்சிலையும் தரையே பிணைத்து வைக்கிறது. ஸ்டாண்டில் தெரியும் சிறிய வேக வித்தியாசம் தரையில் காணாமல் போய்விடும். ஒன்று கிளம்பி மற்றொன்று கிளம்பாமல் நிற்பது, ஒன்று மட்டும் சூடாவது, சரிவில் இறங்கும்போது ஒரு பக்கம் மட்டும் பிடிப்பது: கவலைப்பட வேண்டியவை இவைதான்.

இடம் மாற்றிப் பார்ப்பது

எதையும் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை இது. செலவில்லை, தவறாகவும் போகாது. கொள்கை எளிது: ஒரே ஒரு பொருளின் இடத்தை மாற்றுங்கள்; குறை அதனோடு கூடப் போகிறதா, பழைய இடத்திலேயே நிற்கிறதா என்று பாருங்கள்.

பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்யுங்கள். வண்டியை ஸ்டாண்டில் வைத்து, ட்ரான்ஸ்மிட்டரை முதலில் போட்டு, பிறகு ஈ.எஸ்.சி.யைப் போடுங்கள். அணைக்கும்போது ஈ.எஸ்.சி. முதலில். ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு சிறு வெள்ளை டேப் ஒட்டிவிட்டால் எது எப்போது கிளம்புகிறது என்பது தெளிவாகத் தெரியும். கிளம்பும் எல்லையை முன்னோக்கி ஐந்து முறை, பின்னோக்கி ஐந்து முறை பார்த்து எழுதி வையுங்கள்.

இப்போது முன், பின் மோட்டார்களின் வயர்களை மட்டும் ஒன்றுக்கொன்று மாற்றுங்கள். மோட்டார் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். நிற்கிற பக்கம் இடம் மாறினால் குறை வயரிலோ ஈ.எஸ்.சி.யிலோ இருக்கிறது. மாறவில்லை என்றால் மோட்டார்களைக் கழற்றி ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் பொருத்துங்கள். குறை மோட்டாரோடு போனால் மோட்டார். ஆக்சிலிலேயே நின்றால் கியர், பேரிங், ஷாஃப்ட்.

ஒற்றை மோட்டார் வண்டியில் மாற்ற இன்னொன்று இல்லை. அங்கே மோட்டாரின் திருகுகளைத் தளர்த்தி, பினியன், அது சுற்றும் பெரிய கியரான ஸ்பரைத் தொடாதபடி நகர்த்திவிட்டு வெறும் மோட்டாரை மெதுவாக ஓட்டுங்கள். வெறும் மோட்டார் வழவழவென்று கிளம்பினால் தேட வேண்டிய இடம் கியர் பக்கம். வெறுமனேயும் திக்கினால் மோட்டார், ஈ.எஸ்.சி., அல்லது ரேடியோ.

பிரஷ் மோட்டாரின் உள்ளே

பெரும்பாலான கிராலர்களில் 540 அளவுள்ள, 35 முதல் 80 டர்ன் (சுருளின் சுற்று எண்ணிக்கை) வரையிலான பிரஷ் மோட்டார் இருக்கும். பினியனைக் கழற்றிவிட்டு ஷாஃப்டை விரலால் சுற்றிப் பாருங்கள். மூன்று துருவ ஆர்மெச்சர் (கம்பிச்சுருள் சுற்றிய சுழலும் பகுதி) என்றால் ஒரு சுற்றுக்கு ஆறு முறை காந்தம் பிடித்து விடுவது தெரியும். ஐந்து துருவம் என்றால் பத்து முறை, ஒவ்வொன்றும் மென்மையாக. மெதுவான வேகத்தில் ஐந்து துருவ மோட்டார் வழவழவென்று ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம். இந்தப் பிடிப்புகள் எல்லாம் ஒரே பலத்தில் இருக்க வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் உரசினாலோ நறநறவென்றாலோ கோளாறு.

அந்த உரசலுக்கு ஒரு காரணத்தைப் பலர் யோசிப்பதே இல்லை: மோட்டாரைப் பிடிக்கும் திருகு. 3 மி.மீ. விட்டமுள்ள அந்தத் திருகு மோட்டாருக்குள் பொதுவாக 3, 4 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. நீளமானதைப் போட்டால் நுனி போய் ஆர்மெச்சரின் சுருளைச் சுரண்டும். திருகைத் தளர்த்தியதும் மோட்டார் இலகுவாகச் சுற்றினால் காரணம் அதுதான். சுருளின் எனாமல் உரிந்துவிட்டால் அந்த மோட்டார் திரும்பி வராது, எனவே உடனே பாருங்கள்.

அடுத்தது பிரஷ். பிரித்துப் பார்க்கக்கூடிய மோட்டார் என்றால் பின்மூடியைக் கழற்றி கம்யூட்டேட்டரை (பிரஷ் தொடும் செம்பு உருளையை) வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல கம்யூட்டேட்டர் செம்பு நிறத்தில் சீரான மெல்லிய பழுப்போடு இருக்கும். கறுத்து, வரி விழுந்து, துண்டுகளுக்கு நடுவிலுள்ள பள்ளங்களில் கரித்தூள் அடைத்திருந்தால் மெதுவான வேகத்தில் திக்கத்தான் செய்யும். பள்ளங்களை மெல்லிய மரக்குச்சியால் கிளறி, மோட்டார் கிளீனர் அடித்து, உலர்ந்த பிறகு இரு முனை பேரிங்குகளிலும் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். ஒரு சொட்டுதான். மிஞ்சினால் அது கம்யூட்டேட்டர் மேல் ஒழுகி, கரித்தூளோடு குழைந்து, முன்னைவிட மோசமாகிவிடும். பிரஷ் அதன் கூட்டுக்குள் சிக்காமல் நகர்கிறதா, ஸ்பிரிங் இரண்டும் ஒரே பலத்தில் அழுத்துகிறதா என்பதையும் பாருங்கள்.

புது மோட்டாரில் பிரஷின் முகம் இன்னும் கம்யூட்டேட்டரின் வளைவுக்குப் படிந்திருக்காது. சுமை இல்லாமல் 3 வோல்ட்டில் பத்து, பதினைந்து நிமிடம் ஓடவிட்டால் படியும். இரண்டு மோட்டாரில் ஒன்றை மட்டும் புதிதாக மாற்றியவர்கள் இதைச் செய்யாமல் விட்டால், புதியதே பழையதைவிடத் தாமதமாகக் கிளம்பும்.

சில நிலைகளில் மட்டும் கிளம்பாமல், விரலால் லேசாகத் தள்ளினால் ஓடுகிறது என்றால் ஆர்மெச்சரின் ஒரு சுருள் அறுந்திருக்கக்கூடும், அல்லது பிரஷ் ஒரு துண்டைச் சரியாகத் தொடவில்லை. சுத்தம் செய்த பிறகும் அப்படியே என்றால் மோட்டாரை மாற்றத்தான் வேண்டும். மல்டிமீட்டரில் ஓம் அளந்து இதைக் கண்டுபிடிக்க முயல வேண்டாம். மோட்டார் சுருளின் தடை ஒரு ஓமின் பத்தில் சில பங்கு. மீட்டர் வயரின் தடையே அந்த அளவுக்கு இருக்கும். சுமையில்லாமல் ஒரே வோல்ட்டில் இரண்டு மோட்டாரும் எத்தனை ஆம்பியர் இழுக்கின்றன என்று ஒப்பிடுவதே நம்பகமான அளவு.

இரண்டு மோட்டார், ஒரு ஈ.எஸ்.சி.

இரண்டையும் இணைக்க இரண்டு வழி உண்டு. பக்க இணைப்பில் இரண்டுக்கும் ஒரே வோல்ட் கிடைக்கும். தொடர் இணைப்பில் இரண்டின் வழியாகவும் ஒரே ஆம்பியர் போகும், வோல்ட் பங்கு பிரியும். தொடர் இணைப்பில் ஒரு ஆக்சில் பாறையில் சிக்கி நின்றால், நின்ற மோட்டாருக்குக் கொஞ்சம் வோல்ட்தான் கிடைக்கும். காற்றில் தொங்கும் ஆக்சில் மீதி முழுவதையும் எடுத்துக்கொண்டு வீணாகச் சுற்றும். பூட்டாத டிஃபரன்ஷியல் போல. பாறை ஏற பக்க இணைப்புதான் சரி. உங்கள் வண்டி காற்றில் இருக்கும் பக்கத்தை மட்டும் சுற்றுகிறது என்றால் முதலில் வயர் இணைப்பைப் பாருங்கள்.

பக்க இணைப்பில் ஒரு கிளையின் சால்டர் மட்டும் மோசமாக இருந்தால் அந்த மோட்டார் சோர்ந்துபோகும். 0.02 ஓம் அதிகத் தடை என்பது ஒன்றுமே இல்லை போலத் தோன்றும். ஆனால் 20 ஆம்பியர் போகும்போது அது 0.4 வோல்ட்டைத் தின்றுவிடும். இதைக் கண்டுபிடிக்க, மல்டிமீட்டரின் ஒரு முனையை ஈ.எஸ்.சி.யிலிருந்து வயர் கிளம்பும் இடத்திலும், மறு முனையை அதே வயர் மோட்டாரைத் தொடும் இடத்திலும் வைத்து, வண்டியைச் சுவரில் முட்டவைத்து இரண்டு மூன்று நொடி மட்டும் மிதமாக அழுத்துங்கள். இரண்டு கிளையையும் ஒரே மாதிரி அளந்து ஒப்பிடுங்கள். ஈ.எஸ்.சி. திறந்து மூடிக்கொண்டே இருப்பதால் எண் துல்லியமாக வராது. ஒப்பீடுதான் முக்கியம். ஒன்று மற்றதைவிட இரண்டு மடங்கு காட்டினால் அந்தச் சால்டரை உருக்கி மறுபடி வையுங்கள்.

இனி டைமிங். சில மோட்டார்களில் பிரஷ்களை நடுநிலையிலிருந்து சற்றுத் திருப்பி வைத்திருப்பார்கள். அது ஒரு திசையில் வேகத்தைக் கூட்டும், எதிர்த் திசையில் குறைக்கும். ஆக்சில் மேல் மோட்டார் இருக்கும் வண்டிகள் பலவற்றில் முன்னும் பின்னும் கண்ணாடிப் பிம்பம்போல எதிரெதிராகப் பொருத்தியிருப்பார்கள். வண்டி முன்னே போகும்போது ஒரு மோட்டார் வலமாகவும் மற்றது இடமாகவும் சுற்றும். ஒன்றுக்கு டைமிங் சாதகம், மற்றதற்குப் பாதகம். அடையாளம் மிகத் தெளிவு: முன்னே போகும்போது முன்மோட்டார் வேகம், ரிவர்ஸில் பின்மோட்டார் வேகம். எழுதி வைத்த ஐந்தைந்து முறைக் கணக்கு இங்கே கைகொடுக்கும். பின்மூடியைத் திருப்ப முடியும் மோட்டார் என்றால், இரு திசையிலும் சுமையில்லா ஆம்பியர் சமமாகும்வரை திருப்பி இறுக்குங்கள். அதுவே பூஜ்ய டைமிங். கிராலருக்கு அதுதான் வேண்டும்.

இரண்டு ஈ.எஸ்.சி. வைத்திருப்பவர்கள் டிராக் பிரேக் (ட்ரிகரை விட்டதும் தானாகப் பிடிக்கும் பிரேக்), த்ராட்டில் எல்லைகள், திறந்து மூடும் அதிர்வெண் மூன்றையும் இரண்டிலும் ஒன்றுபோல வையுங்கள். சில பிரஷ் ஈ.எஸ்.சி.களில் இந்த அதிர்வெண்ணை 1 முதல் 16 கிலோஹெர்ட்ஸ் வரை தேர்வு செய்யலாம். ஒன்று 1-இலும் மற்றது 8-இலும் இருந்தால், கிளம்பும் இடம் நிச்சயம் மாறும். ஒய் வயரில் (ரிசீவரின் ஒரு துளையை இரண்டாகப் பிரிக்கும் வயர்) இரண்டையும் சேர்க்கும்போது ஒன்றின் சிவப்பு வயரைக் கழற்றி இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுங்கள். இரண்டு ஈ.எஸ்.சி.யும் ஒரே நேரத்தில் ரிசீவருக்கு மின்சாரம் கொடுக்க வேண்டியதில்லை.

துடிப்பை எண்ணுங்கள்

மோட்டார் நன்றாக இருந்தும் வண்டி விட்டு விட்டு நகர்கிறது என்றால், எதற்கு ஒருமுறை துடிக்கிறது என்று எண்ணுங்கள். ஸ்பர் கியரிலும், ஷாஃப்டிலும், சக்கரத்திலும் ஒரு புள்ளி வெள்ளை பெயின்ட் வைத்து மிக மெதுவாக ஓட்டுங்கள். ஸ்பர் ஒரு சுற்றுக்கு ஒருமுறை என்றால் ஸ்பர் மையம் விலகியிருக்கிறது. சக்கரத்துக்கு ஒருமுறை என்றால் ஆக்சில் உள்ளே இருக்கும் பெரிய கியரின் ஒரு பல் அல்லது சக்கர பேரிங்.

டிரைவ் ஷாஃப்ட் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை துடித்தால், ஷாஃப்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் இல்லை. வளைந்து இயங்கும் யுனிவர்சல் ஜாயின்ட் ஒரு சுற்றுக்குள்ளேயே இருமுறை வேகம் கூடிக் குறையும். 30 டிகிரி வளைவில் அந்த ஏற்ற இறக்கம் 0.87 மடங்கிலிருந்து 1.15 மடங்கு வரை போகும். இரு முனைகளும் நேராக இருந்தால் ஒன்றின் கோணலை மற்றது சமன் செய்யும். நடுவிலுள்ள நீளும் பகுதியைக் கழற்றி மாட்டும்போது ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டால் இது கெடும். இழுத்துக் கழற்றி, இரு கவைகளையும் நேர்க்கோட்டில் வைத்து மாட்டினால் போதும்.

பினியனுக்கும் ஸ்பருக்கும் இடைவெளி வைக்க ஒரு துண்டு நோட்டுத் தாள் போதும். இரண்டுக்கும் நடுவில் தாளை வைத்து, மோட்டாரை அழுத்தித் திருகை இறுக்கி, கியரைச் சுற்றித் தாளை வெளியே எடுங்கள். தாள் மடிப்பு மடிப்பாக வர வேண்டும், கிழியக்கூடாது. ஸ்பரைக் கால் சுற்றாகத் திருப்பி நான்கு இடத்திலும் பாருங்கள். மிக இறுக்கமான இடத்தை வைத்தே இடைவெளியை முடிவு செய்யுங்கள். பினியனின் கிரப் ஸ்க்ரூ ஷாஃப்டின் தட்டைப் பகுதியில்தான் உட்கார வேண்டும். தட்டை விட்டு விலகியிருந்தால் சுமை வரும்போது மட்டும் வழுக்கும். மோட்டார் சுற்றும் ஓசை கேட்கும், வண்டி நகராது.

பிரஷ் இல்லாத மோட்டார்

சென்சார் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டாரில், ரோட்டர் எங்கே நிற்கிறது என்று ஈ.எஸ்.சி.க்குத் தெரிய ஒரே வழி அது சுற்றும்போது உண்டாகும் மின்னழுத்தம். நின்றுகொண்டிருக்கும்போது அது இல்லை. எனவே கிளம்பும்போது உதறுவது அதன் இயல்பு, பழுது ஆகாது. கிராலருக்கு சென்சார் உள்ளதே ஏற்றது.

சென்சார் மோட்டார் திடீரென்று உதற ஆரம்பித்தால், ஆறு முள் கொண்ட அந்த மெல்லிய வயரைத்தான் முதலில் மாற்றிப் பாருங்கள். வளைந்து வளைந்து உள்ளே அறுந்திருக்கும், வெளியே தெரியாது. கனெக்டரில் சேறு, ஈரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஏ, பி, சி என்ற மூன்று தடித்த வயர்களை எக்காரணம் கொண்டும் இடம் மாற்றாதீர்கள். சென்சார் இல்லாததில் இரண்டை மாற்றினால் திசை மாறும்; சென்சார் உள்ளதில் அப்படிச் செய்தால் மோட்டார் உதறும், சூடாகும். திசையை மாற்ற வேண்டுமானால் ஈ.எஸ்.சி. அமைப்பிலோ ட்ரான்ஸ்மிட்டரிலோ மாற்றுங்கள்.

ரேடியோ பக்கம்

த்ராட்டில் சிக்னல் பொதுவாக 1000 முதல் 2000 மைக்ரோநொடி நீளமுள்ள துடிப்பு, நடுநிலை 1500. ட்ரிம் (நடுநிலையை நுணுக்கமாக நகர்த்தும் அமைப்பு) சற்று நகர்ந்திருந்தாலே முன்னோக்கிச் சட்டென்றும் பின்னோக்கித் தாமதமாகவும் கிளம்பும். ட்ரிம்மைப் பூஜ்யத்தில் வைத்து, ஈ.எஸ்.சி. கையேட்டில் உள்ளபடி நடுநிலை, முழு முன், முழுப் பின் மூன்றையும் மறுபடி பதிவு செய்யுங்கள்.

ட்ரிகரின் உள்ளே இருக்கும் பாகம் தேய்ந்திருக்கிறதா என்று அறிய ஒரு சர்வோ (ஸ்டியரிங்கைத் திருப்பும் சிறு மோட்டார்) போதும். ஈ.எஸ்.சி. பிளக்கை ரிசீவரின் பேட்டரி துளையில் மாற்றிச் செருகி, த்ராட்டில் துளையில் சர்வோவைச் செருகுங்கள். ட்ரிகரை மெல்ல அழுத்தும்போது சர்வோ கை ஒரே சீராக நகர வேண்டும். ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் நடுங்கினால் ட்ரிகர்தான் குற்றவாளி, மோட்டாரைத் தொட வேண்டாம்.

ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி சக்கரம் பாறையில் அழுந்தும்போது மட்டும் மோட்டார் அறுந்து அறுந்து ஓடுகிறதா? பெரிய சர்வோ முட்டி நிற்கையில் பல ஆம்பியர் இழுக்கும். ஈ.எஸ்.சி.யில் உள்ள 3 ஆம்பியர் பெக் (ரிசீவருக்கும் சர்வோவுக்கும் மின்சாரம் கொடுக்கும் பகுதி) அதைத் தாங்காமல் வோல்ட் விழும், ரிசீவர் ஒரு கணம் மயங்கி எழும். சர்வோ பிளக்கை எடுத்துவிட்டு அதே இடத்தில் ஓட்டிப் பாருங்கள். சீராக ஓடினால் சர்வோவுக்குத் தனி பெக் வைக்க வேண்டியதுதான்.

எல்லாம் சரி செய்த பிறகு பத்து நிமிடம் ஏற்றத்தில் ஓட்டி, இரண்டு மோட்டாரின் உடல் வெப்பத்தையும் அளந்து பாருங்கள். ஒன்று மட்டும் அதிகம் சூடானால், அது பலவீனமான மோட்டார் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலும் அதுதான் இரண்டு மோட்டாரின் வேலையையும் சேர்த்துச் செய்துகொண்டிருக்கும். குளிர்ந்து கிடக்கும் மற்றொன்றின் பக்கம் போய், கியரையும் வயரையும் இன்னொரு முறை பாருங்கள்.